கே. ராமலிங்கம் பேருக்கு வந்த கவர்

மான்மவுத் ஜங்ஷன், நியூ ஜெர்சி
மே 2001

அன்புள்ள கார்த்திக்,

கண்ணைத் தவிர மற்றதெல்லாம் நலம். நீ அனுப்பிய பவர் ஆஃப் அட்டர்னி காகிதம் வந்து ஒன்பது நாளாகிறது. எங்கெல்லாம் கையெழுத்துப் போட வேண்டும் என்று மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி, திருப்பி அனுப்பக் கவரும் வைத்து, அதில் உன் டெக்சஸ் ஃபிரிஸ்கோ விலாசத்தையும் டைப் செய்து அனுப்பியிருக்கிறாய். இந்த ஒழுங்கு உனக்கு என்னிடமிருந்து வந்தது. உன் அம்மா வழியில் யாருக்கும் கிடையாது. காகிதம் டைனிங் டேபிளில்தான் கிடக்கிறது. ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்க ஊறுகாய் பாட்டிலை மேலே வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோனில் கேட்டபோது, பேங்குக்குப் போய் நோட்டரியைப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை என்றேன். ரிட்டயர் ஆகி உட்கார்ந்திருப்பவனுக்கு நேரம் கிடைக்கவில்லையாம். அது பொய். எனக்குப் பயமாக இருந்தது. பெற்ற மகனிடம் போக அப்பனுக்கு என்ன பயம் என்று நீ கேட்பாய். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். பதினைந்து வயதில் இங்கே வந்தவன் நீ. தமிழ் படிக்க வராது என்று தப்பித்துக்கொள்ள முடியாது.

நீ சொன்னதில் ஒரு குறையும் இல்லை. "கீழ உங்களுக்குன்னு ஒரு ரூம் இருக்குப்பா. வீட்டை நான் வித்துடறேன், நீங்க எதுக்கும் அலைய வேண்டாம். உங்க மெயிலை எல்லாம் இங்க ஃபார்வர்ட் பண்ணிடலாம். எது வந்தாலும் நானே ஓப்பன் பண்ணிப் பாத்துக்கறேன்" என்றாய். இதைவிட நல்ல பிள்ளை எங்கே கிடைப்பான் என்று பக்கத்து வீட்டு ராவ் சொல்கிறார். ஆனால் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும், அப்புறம் பேசுகிறேன் என்று ஃபோனை வைத்துவிட்டேன். உன் வீட்டைப் போன வருஷம் பார்த்தேன். பெரிய வீடு, புது வீடு, சுற்றிலும் அதே மாதிரி நூறு வீடு. காரில்லாமல் அங்கே ஒரு பால் பாக்கெட் வாங்க முடியாது. எனக்கோ கண் போய், லைசென்ஸையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. நீ கூட்டிக்கொண்டு போனால்தான் வெளியே போகலாம், நீ எடுத்துக் கொடுத்தால்தான் கடிதத்தைப் பார்க்கலாம். இதில் என்ன இருக்கிறது, வயதானவர்கள் எல்லோரும் இப்படித்தானே என்று என்னை நானே சமாதானம் செய்து பார்த்தேன். ஆகவில்லை.

காரணம், நம் பேர். ஊரில் அப்பா பேரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொள்வோம். கந்தசாமி மகன் ராமலிங்கம், அதனால் நான் கே. ராமலிங்கம். இந்த ஊரில் ஃபாரம் நிரப்பும்போது அப்பா பேரைக் கடைசியில் போட வேண்டியதாயிற்று. நீ கார்த்திக் ராமலிங்கம். சுருக்கினால் நீயும் கே. ராமலிங்கம். உனக்குப் பேர் வைத்தபோது இது யாருக்குத் தோன்றியது? தபால் பெட்டியைத் திறந்தால் எது உன்னுடையது எது என்னுடையது என்று தெரியாது. லைப்ரரி அபராதமும், டென்டிஸ்ட் கார்டும், எல்லாம் ஒரே ஆளுக்கு வரும். நீ அதைச் சொல்லிச் சிரிப்பாய். நான் எல்லாவற்றையும் நானே பிரிப்பேன். என் பேர் போட்டு வந்ததை நான் பிரிக்க யாரைக் கேட்க வேண்டும்?

நீ ஹைஸ்கூல் முடிக்கிற வருஷம், 1993 ஏப்ரலில், மேற்குக் கரையில் பே ஏரியாப் பக்கத்து யூனிவர்சிட்டி ஒன்றிலிருந்து ஒரு கவர் வந்தது. மிஸ்டர் கே. ராமலிங்கம். கனமான கவர். இடம் இல்லை என்றால் ஒற்றைக் காகிதம்தான் வரும் என்று நீயே எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாய். ஹிஸ்டரி படிக்க உனக்கு இடம் கொடுத்திருந்தார்கள். ஹிஸ்டரி படித்துவிட்டு என்ன செய்வாய் என்பது ஒரு பயம். மூவாயிரம் மைல் தள்ளிப் போனவன் எதற்குத் திரும்பி வருவான் என்பது அதைவிடப் பெரிய பயம். அன்று சாயங்காலம் ஜெயராஜா அங்கிள் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், டாக்டர், இந்த ஊரில் எனக்கு இருந்த ஒரே சிநேகிதர். அவரிடம் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "உதைப் பெடியனிட்டைக் காட்டாதேங்கோ. ரெண்டு கிழமையிலை எல்லாம் அடங்கியிடும்." பையனிடம் காட்டாதீர்கள், ரெண்டு வாரத்தில் அடங்கிவிடும் என்றார். எட்டு வருஷமாகிறது.

உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். அவன் பேருக்கு வந்தது, அவனிடம் கொடுத்துவிடுங்கள் என்றாள். என் பேருக்கும்தான் என்றேன். கெட்டிக்காரத்தனமாகப் பேசிவிட்டோம் என்று அப்போது ஒரு திருப்திகூட எனக்கு இருந்தது. மறுநாளும் கேட்டாள், அதற்கு மறுநாளும் கேட்டாள். அழுது கேட்டாள். அப்புறம் விட்டுவிட்டாள். உள்ளே இருந்த பதில் கார்டில் 'வரவில்லை' என்ற கட்டத்தில் டிக் செய்து, கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். பொய்க் கையெழுத்து போடவில்லை, கார்த்திக். என் கையெழுத்தையே போட்டேன். கே. ராமலிங்கம். சட்டப்படி அது பொய் ஆகாது என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நீ தினமும் ஸ்கூல் விட்டு வந்ததும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தாய். ஏப்ரல் கடைசியில் ஒருநாள், ஒன்றுமே வரவில்லையே அப்பா என்று கேட்டாய். "மெயில்ல எங்கயோ மிஸ் ஆயிருக்கும்பா. இடம் இருந்தா அவங்களே கூப்பிடுவாங்க" என்றேன். நீ ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, "சரிப்பா" என்றாய்.

அதற்குப் பிறகு நீ என்னிடம் சொன்னதெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான். பக்கத்துக் காலேஜில் இன்ஜினியரிங் சேர் என்றேன், சரிப்பா. வீட்டிலிருந்தே போய் வா, சரிப்பா. டெலிகாமில் வேலை நன்றாக இருக்கிறதாம், டெக்சஸுக்கு அப்ளை பண்ணு, சரிப்பா. காயத்ரியின் ஜாதகம் வந்தபோதும் சரிப்பா. அடங்கிய பிள்ளை என்று நான்கு பேரிடம் பெருமையாகப் பேசினேன். அதற்கு முன்னால் நீ எதற்கெடுத்தாலும் என்னோடு மல்லுக்கு நின்றவன் என்பதையே மறந்துவிட்டேன். சண்டை போடுகிற பிள்ளையிடம் பயப்பட ஒன்றும் இல்லை என்று இப்போது தெரிகிறது.

வீட்டை விற்கப் போகிறோமே, பழைய காகிதங்களைக் கழித்துக் கட்டலாம் என்று போன மாதம் பிரவுன் ஃபைலை எடுத்தேன். பாஸ்போர்ட், விசா காகிதங்கள் எல்லாம் இருக்குமே, அதுதான். அதற்குள்தான் அந்தக் கவரை வைத்திருந்தேன். கிழித்துப் போட்டிருக்கலாம். சர்க்கார் முத்திரை மாதிரி ஒன்று அதன் மேல் இருந்தது, கிழிக்கக் கை வரவில்லை. கவரைத் திறந்தால், உள்ளே யூனிவர்சிட்டிக் கடிதத்தோடு சேர்த்து இன்னும் நாலைந்து தாள் மடித்து வைத்திருந்தது. பழைய பிரின்டரில் அடித்த, ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்கிற தாள். நீ அந்த மே மாதம் ஸ்கூலில் எழுதிக் கொடுத்த கட்டுரை. இரண்டாம் ரிச்சர்ட் என்கிற இங்கிலாந்து ராஜா கையை விட்டுப் போன அதிகாரத்தை எப்படித் திரும்பப் பிடித்தான், எப்படி வைத்துக்கொண்டான் என்பதைப் பற்றி. அப்படியென்றால் நீ அந்தக் கவரை அப்போதே பார்த்திருக்கிறாய். காலேஜில் விசா நகல் கேட்கிறார்கள் என்று நீ வந்து நின்றதும், பிரவுன் ஃபைலில் இருக்கிறது, நீயே எடுத்துக்கொள் என்று நான் டிவியைப் பார்த்தபடி சொன்னதும் ஞாபகம் வந்தது. என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன்.

லென்ஸை வைத்துக்கொண்டு இரண்டு நாள் அதைப் படித்தேன். பத்து வயதில் முடிசூட்டிக்கொண்டவன். பெரிய மனிதர்கள் அவன் பேரில் ஆண்டார்கள். அவன் வளர்ந்து தனக்கு வேண்டியவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டதும் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. முக்கியமாக மூன்று பிரபுக்கள், அதில் ஒருவன் அவனுடைய சொந்தச் சித்தப்பா. உன் நன்மைக்குத்தான் என்று சொல்லி அவனுடைய சிநேகிதர்களைத் துரோகிகள் என்று தீர்ப்பெழுதிக் கொன்றார்கள். அவனைச் சின்ன வயதிலிருந்து வளர்த்த கிழவர் ஒருவருக்காக ராணி மண்டியிட்டுக் கெஞ்சினாள். கேட்கவில்லை. ராஜா அழவில்லை, கத்தவில்லை. ஒரு வருஷம் கழித்து சபையில் உட்கார்ந்துகொண்டு, எனக்கு என்ன வயது என்று கேட்டான். இருபது தாண்டிவிட்டது என்றார்கள். அப்படியென்றால் என் வீட்டை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி ராஜ முத்திரையைக் கையை நீட்டி வாங்கிக்கொண்டான். யாரையும் தண்டிக்கவில்லை. அந்தப் பிரபுக்களையும் சபையில் வைத்துக்கொண்டான், அவர்கள் சொன்னதைக் கேட்டான், மன்னித்ததாக எழுதியும் கொடுத்தான். எட்டு வருஷம் நாடு அமைதியாக இருந்தது. அப்புறம் மூன்று பேரையும் விருந்துக்குக் கூப்பிட்டான்.

இந்த இடத்தை நீ எங்களுக்குச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லியிருக்கிறாய். ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாய். ஒருவன்தான் வந்தான்; ராஜா அவனை அன்பாக உபசரித்துச் சாப்பிட வைத்து, சாப்பாடு முடிந்ததும் பிடித்து உள்ளே போட்டான். சித்தப்பா உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினான். பரவாயில்லை, நானே வருகிறேன் என்று ராஜாவே போய்க் கூட்டி வந்தான். கடல் தாண்டிக் கொண்டுபோய் வைத்தார்கள். சித்தப்பா அங்கே எப்படிச் செத்தான் என்பதை இன்றுவரை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். மூன்றாமவனைப் பிறகு பிடித்துத் தலையை வெட்டினார்கள். எழுதிக் கொடுத்த மன்னிப்பையெல்லாம் ரத்து செய்துவிட்டான். நீ சொல்லி முடித்ததும் நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள், இவன் நின்று கொன்ற அரசன், பலே ஆள் என்றேன். நீ சிரித்தாய். உன் அம்மா சிரிக்கவில்லை, எழுந்து போய்விட்டாள். அந்த வாரம்தான் உன் பிறந்த நாள். கேசரி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்கு என்ன வயசாச்சுப்பா?" என்று கேட்டாய். பதினெட்டு, அதற்கென்ன என்றேன். "ஒண்ணுமில்லப்பா" என்றாய்.

கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் உன் டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்: நன்று, ஆனால் அவன் ஏன் எட்டு வருஷம் காத்திருந்தான்? அதற்குக் கீழே பென்சிலில் உன் எழுத்து. இங்கிலீஷில்தான் எழுதியிருக்கிறாய், தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: அவன் அந்த வீட்டில்தானே இருந்தாக வேண்டும்.

இதைப் படித்த பிறகுதான் ஜெயராஜா அங்கிள் விஷயம் எனக்குப் புரிந்தது. அன்று அவர் சொன்னது உனக்கு எப்படித் தெரிந்ததோ, அம்மா சொன்னாளோ என்னவோ. 1999-ல் டாலஸில் உன் கல்யாணம். அம்மா போய் அப்போதுதான் வருஷம் திரும்பியிருந்தது. பத்திரிகை அனுப்புகிற வேலையை நானே பார்க்கிறேன் என்று நீ எடுத்துக்கொண்டாய். கூப்பிடாத கல்யாணத்துக்கு எப்படி வருவது என்று அங்கிள் வரவில்லை. கல்யாணம் முடிந்து பத்து நாள் கழித்து நம் வீட்டுக்கு வந்து, என் ஃபோனிலிருந்தே உன்னைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டார். "மெயில்ல எங்கயோ மிஸ் ஆயிருக்கும் அங்கிள், சாரி" என்றாய். எவ்வளவு மரியாதையான குரல். ஃபோனை வைத்துவிட்டு அவர் சட்டைப் பையிலிருந்து பத்திரிகைக் கவரை எடுத்து என் முன்னால் போட்டார். அன்று காலைதான் அவருக்கு வந்திருந்தது. முத்திரையில் இருந்த தேதி கல்யாணத்துக்கு அடுத்த திங்கட்கிழமை. அடுத்த வருஷமே அவர் வீட்டை விற்றுவிட்டு டொராண்டோவுக்கு மகளிடம் போய்விட்டார். என்னிடம் சொல்லிக்கொள்ள வரவில்லை. நான் சொன்ன பொய்யை, ஒரு சொல் மாறாமல், ஆறு வருஷம் பத்திரமாக வைத்திருந்து நீ திருப்பிச் சொல்லியிருக்கிறாய். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். தபால் இலாகா மேல் கோபப்பட்டேன்.

ஆகவே இப்போது என் முறை என்று நினைக்கிறேன். நினைப்பது தப்பாக இருக்கலாம். கிழவனுக்கு வேலை இல்லாவிட்டால் புத்தி இப்படித்தான் போகும் என்று காயத்ரி சொல்லக்கூடும். ஆனால் நீ அம்மா காரியத்துக்குப் பிறகு இந்த வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்கவில்லை. ரூட் ஒன் ஹைவேயில் ஹோட்டல் எடுத்துத் தங்குகிறாய். ராணி இறந்ததும் அவள் இறந்த அரண்மனையையே அந்த ராஜா இடிக்கச் சொன்னான் என்று உன் கட்டுரையில் இருக்கிறது. கையெழுத்துப் போடச் சொல்லி நீ அனுப்பியிருப்பது எந்தக் காகிதம்? முத்திரையைக் கொடு என்கிற காகிதம்தானே. இரண்டு வாரத்தில் நானே வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றும் சொல்லியிருக்கிறாய். உடம்பு சரியில்லை என்று சொல்லலாமா என்று யோசித்தேன். அப்படிச் சொன்னவன் கதி என்ன என்று நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாயே.

அப்பன் எழுதினால் புத்தி சொல்ல வேண்டும். எனக்கு அந்த யோக்கியதை இல்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். அது உன் கட்டுரையிலேயே இருக்கிறது. பொறுமையாக இருந்து அவன் எட்டு வருஷம் ஆண்டான். பழி தீர்த்த பிறகு இரண்டே வருஷம். விருந்துக்கு அப்புறம் அவனை யாரும் நம்பவில்லை, அவனும் யாரையும் நம்பவில்லை. போகிற இடமெல்லாம் வில்லாளிகளைக் காவலுக்கு வைத்துக்கொண்டான். தம்பி முறை ஆகிற ஒருவனுக்கு அப்பன் வழியில் வர வேண்டியதை எடுத்துக்கொண்டான், அவன் வந்து ராஜ்யத்தையே எடுத்துக்கொண்டான். கடைசியில் ராஜா சிறையில் கிடந்து செத்தான். நீ என்னை என்ன செய்தாலும் எனக்கு மிச்சம் இருப்பது கொஞ்ச காலம்தான். உனக்கு அப்படியில்லை. உன் பிள்ளை பிறக்கப் போகிறது, அது உன்னைப் பார்த்துக்கொண்டே வளரும். எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். அந்த எட்டு வருஷத்தில் அவன் காட்டிய அன்பெல்லாம் நடிப்பா என்று நீ எங்கேயும் எழுதவில்லை. அம்மா படுக்கையில் கிடந்தபோது என் தலையணையைச் சரிசெய்து, அப்பா நீங்க கொஞ்சம் தூங்குங்க என்றாயே, அது நடிப்பா? நடிப்பு என்றால் அதையும் தாங்கிக்கொள்கிறேன், ஆனால் சொல்லிவிடு.

இன்று காலை ராவ் என்னை பேங்குக்குக் கூட்டிப் போனார். மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்தக் கார்டில் போட்ட அதே கையெழுத்து. காகிதம் இதோடு வருகிறது. யூனிவர்சிட்டிக் கவரும் வருகிறது, எட்டு வருஷம் தாமதமாக, உரியவனுக்கு. கட்டுரையை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். அதில் நான் முதலில் கவனிக்காத ஒரு வரி இருந்தது. அந்த மூன்று பேரில் இரண்டு பேர் செத்தார்கள். உயிர் பிழைத்தவன் விருந்துக்கு வந்தவன் ஒருவன்தான். சபையில் எல்லார் முன்னாலும் நின்று, செய்ததையெல்லாம் ஒப்புக்கொண்டு அழுதானாம். அவனை ஒரு தீவுக்கு அனுப்பி, அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

நான் சாப்பிட வருகிறேன், கார்த்திக். ஒப்புக்கொள்ள வேண்டியதை மேலே எழுதிவிட்டேன். கீழே இருக்கிற ரூம் எனக்குப் போதும். ஒன்றே ஒன்று, குழந்தைக்குக் கே-யில் பேர் தேடுவதாகக் காயத்ரி சொன்னாள். வேண்டாம். வேறு எந்த எழுத்திலாவது வையுங்கள்.

இந்தக் கவரின் மேல் கார்த்திக் என்று முழுப் பேரையும் எழுதி, ரிஜிஸ்டர் செய்து அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டு நீதான் வாங்க வேண்டும். படித்துவிட்டு ஃபோனில் திட்டு. கத்து. பதிலே போடாமல் இரு. எது வேண்டுமானாலும் செய். மெயிலில் எங்கேயோ மிஸ் ஆகிவிட்டது என்று மட்டும் சொல்லிவிடாதே.

அப்பா